ஏஐ சொன்ன சொல்லுக்கு யார் பொறுப்பு?

நியூயார்க் மாநகராட்சி 2023 அக்டோபரில் சிறு வணிகர்களுக்கென்றே ஒரு சாட்பாட்டைத் திறந்தது. கடை போட என்ன உரிமம் வேண்டும், ஆள் வைத்தால் என்ன விதி, வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன சட்டம் என்று எந்த நேரத்திலும் கேட்க முடிந்தது. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியதில்லை. நல்ல நோக்கம்தான். ஐந்து மாதம் கழித்து ‘தி மார்க்கப்’ என்ற செய்தி நிறுவனம், ஒரு கடைக்காரர் சாதாரணமாகக் கேட்கக்கூடிய கேள்விகளை அதனிடம் கேட்டுப் பார்த்தது. ஊழியருக்கு வாடிக்கையாளர் கொடுக்கும் டிப்ஸில் முதலாளி பங்கு எடுக்கலாமா? எடுக்கலாம் என்றது. ரொக்கம் வாங்க மாட்டேன் என்று கடைக்காரர் சொல்லலாமா? சொல்லலாம் என்றது. அரசின் வாடகை உதவியோடு வருகிறவருக்கு வீடு தர மறுக்கலாமா? மறுக்கலாம் என்றது. மூன்றுமே அந்த ஊரில் சட்ட மீறல்.

பதில்களில் பிழை இருக்கலாம் என்ற எச்சரிக்கையும் அந்தப் பக்கத்திலேயே இருந்தது. அதாவது, அரசு சொன்னதே என்று நம்பி ஓர் உணவகக்காரர் டிப்ஸில் கை வைத்திருந்தால், மாட்டிக்கொள்பவர் அவர்தான். சொன்ன எந்திரத்துக்கு எதுவும் ஆகாது. அதை நிறுவியவர்களும் எச்சரிக்கை வாசகத்தைக் காட்டி ஒதுங்கிக்கொள்ளலாம்.

கேட்டதை எழுதித் தரும் ஜெனரேட்டிவ் ஏஐயைத் தொழிலில் பொறுப்போடு பயன்படுத்துவது எப்படி என்று உலகம் முழுக்க எழுதிக் குவித்திருக்கிறார்கள். நெறிமுறைகள், தரச் சான்றுகள், சட்டங்கள், பயிற்சி வகுப்புகள் என்று எல்லாம் இருக்கின்றன. அவற்றைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்பட்ட ஒன்று உண்டு. இந்தக் கருவி என்னென்ன செய்யும் என்று கேட்பதற்கு முன், அது சொல்வதற்கு யார் பதில் சொல்வது என்பதை ஒரு நிறுவனம் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவுக்கு வர உதவாத எந்த ஆலோசனையும், எந்த வழிகாட்டியும், எவ்வளவு நேர்த்தியாக அச்சிடப்பட்டிருந்தாலும் தொழில் செய்பவருக்குப் பயன்படாது.

இந்த எந்திரம் வேலை செய்யும் விதத்திலேயே சிக்கலின் வேர் இருக்கிறது. 2017இல் கூகுளிலிருந்து வெளிவந்த ‘டிரான்ஸ்ஃபார்மர்’ வடிவமைப்பின்மேல் எழுந்தவை இன்றைய மொழி மாதிரிகள். கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, இந்தச் சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்பதைக் கற்றுக்கொள்கின்றன. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது உலகத்தை வியக்க வைத்தது அதன் சரளம். சரளமாகப் பேசுகிறவருக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று நம்புவது மனித இயல்பு. ஆனால் எந்திரத்துக்குத் தெரிந்ததைச் சொல்வதும் தெரியாததைப் புனைவதும் ஒரே வேலை. இரண்டையும் ஒரே தொனியில் செய்யும். இதற்குத் தமிழில் இட்டுக்கட்டுதல் என்ற நல்ல சொல் இருக்கிறது. ஒரு மனிதர் இட்டுக்கட்டும்போது சில நேரம் குரலாவது தடுமாறலாம். எந்திரத்திடம் அந்த அடையாளம் எதுவும் கிடையாது.

நீதிமன்றப் படி ஏறியவையும் ஏறாதவையும்

இந்தத் துறையில் நான் அதிகம் மதிக்கும் ஆவணம் எந்த நிபுணர் குழுவின் அறிக்கையும் அல்ல, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் சிறு தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அளித்த ஒரு தீர்ப்பு. பாட்டி இறந்துபோன துக்கத்தில் டிக்கெட் எடுக்கப் போன ஒருவர், ஏர் கனடாவின் இணையதளத்திலிருந்த சாட்பாட்டிடம் துக்கப் பயணத்துக்கான சலுகைக் கட்டணம் பற்றிக் கேட்டார். இப்போது முழுக் கட்டணம் கட்டுங்கள், 90 நாளுக்குள் விண்ணப்பித்தால் சலுகைத் தொகை திரும்பக் கிடைக்கும் என்றது அது. பயணம் முடிந்து விண்ணப்பித்தால், அப்படி ஒரு விதியே கிடையாது என்று நிறுவனம் கைவிரித்தது. சரியான விதி அதே தளத்தின் இன்னொரு பக்கத்தில் இருந்தது.

விசாரணையில் நிறுவனம் வைத்த வாதம் ஒன்றை, ஏஐ வாங்க நினைக்கும் ஒவ்வொரு முதலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும். சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனியொரு சட்ட உரு என்ற பொருள்பட அவர்கள் வாதிட்டார்கள். தீர்ப்பாயம் ஏற்கவில்லை. பக்கத்தில் அச்சாகியிருந்தாலும் சாட்பாட் வாயிலிருந்து வந்தாலும், தளத்தில் இருப்பது எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்றது. வாடிக்கையாளர் ஒரு பக்கத்தை நம்பி இன்னொரு பக்கத்தை ஏன் சந்தேகிக்க வேண்டும் என்ற கேள்விக்கு நிறுவனத்திடம் விடை இல்லை. வட்டியும் வழக்குக் கட்டணமும் சேர்த்துத் தரச் சொன்ன தொகை 812 கனடா டாலர் சொச்சம். தொகை சிறியதுதான். ஆனால் கடையில் நிற்கும் ஆள் கொடுத்த வாக்கு கடையின் வாக்கு என்று நம் கடைவீதிகளில் காலங்காலமாக இருந்துவரும் வழக்கத்தை எந்திரத்துக்கும் பொருத்திய தீர்ப்பு அது.

மற்ற சம்பவங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2023 ஜூனில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் இரண்டு வழக்கறிஞர்களுக்கும் அவர்கள் நிறுவனத்துக்கும் 5,000 டாலர் அபராதம் விதித்தது. சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய, எங்குமே நடக்காத வழக்குகளை அவர்கள் மனுவில் மேற்கோள் காட்டியிருந்தார்கள். 2025 அக்டோபரில் டெலாய்ட் நிறுவனம் ஆஸ்திரேலிய அரசுக்கு ஓர் அறிக்கைக் கட்டணத்தின் ஒரு பகுதியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. ஏறக்குறைய 4,40,000 ஆஸ்திரேலிய டாலருக்குச் செய்த அந்த அறிக்கையில் இல்லாத ஆய்வு நூல்களும், ஒரு நீதிபதி சொல்லாத வாசகமும் இடம்பெற்றிருந்தன. மற்ற நிறுவனங்களுக்கு ஏஐ ஆலோசனை சொல்லும் பெரிய நிறுவனங்களில் டெலாய்ட்டும் ஒன்று. அவ்வளவு பெரிய இடத்திலும், கடைசியாக யார் சரிபார்த்துக் கையெழுத்திடுவது என்ற கேள்வி நழுவிப்போயிருக்கிறது.

சாம்சங்கில் நடந்தது வேறு வகை. 2023 தொடக்கத்தில் அதன் பொறியாளர்கள், பிழை திருத்தித் தரும்படி நிறுவனத்தின் மென்பொருள் நிரல்களை அப்படியே சாட்ஜிபிடியில் ஒட்டினார்கள். இங்கே ஏஐ பொய் சொல்லவில்லை. மனிதர்கள்தாம் உள்ளே இருக்க வேண்டியதை வெளியே கொடுத்துவிட்டார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்ற அவசரம் மட்டுமே. மே மாதம் நிறுவனம் அத்தகைய கருவிகளுக்குத் தடை போட்டது. அந்த ஆண்டு இறுதியிலேயே தன் சொந்த மொழி மாதிரியை அறிவித்தது. சாம்சங்கால் முடிந்தது. பத்துப் பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகம் தடை போட்டால், ஊழியர் தம் கைபேசியில் திறந்துகொள்வார். அப்போது முதலாளிக்கு எதுவும் தெரியாது என்பது மட்டும்தான் மிச்சம்.

பலன் யாருக்கு, எவ்வளவு

இவ்வளவு ஆபத்து என்றால் ஒதுங்கியே இருந்துவிடலாமே என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது, பலன் உண்மையானது என்பதைத்தான். எரிக் பிரின்யால்ஃப்சன் உள்ளிட்ட மூன்று பொருளியல் அறிஞர்கள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களிடம் ஏஐ உதவியாளரைக் கொடுத்தபோது என்ன நடந்தது என்று ஆராய்ந்தார்கள். ஒரு மணி நேரத்தில் தீர்த்த புகார்களின் எண்ணிக்கை சராசரியாக 14 விழுக்காடு கூடியது. புதிதாக வந்தவர்களுக்கு அந்த உயர்வு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை.

இதில் நான் நின்று யோசித்த இடம் ஒன்று உண்டு. அந்தக் கருவி நல்ல பதில்களை எங்கிருந்து கற்றது? அதே நிறுவனத்தின் திறமையான ஊழியர்கள் முன்பு பேசிய உரையாடல்களிலிருந்து. அனுபவசாலியின் கைப்பக்குவம் எந்திரத்தின் வழியாகப் புதியவரின் கைக்குப் போயிருக்கிறது. புதியவருக்கு லாபம், நிறுவனத்துக்கு லாபம். கற்றுக்கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது? ‘பொறுப்பான ஏஐ’ என்ற பேச்சில் தரவுப் பாதுகாப்பு வருகிறது, பாரபட்சம் வருகிறது. கைப்பக்குவத்துக்கு உரிய பங்கு அரிதாகவே வருகிறது. ஒரு சாயப்பட்டறையின் கலர் மாஸ்டரையோ, ஃபவுண்டரியில் இருபது ஆண்டு நின்றவரையோ உட்கார வைத்து அவர் அறிவைப் பதிவு செய்து கருவியாக்கும் காலம் தூரத்தில் இல்லை. அவரிடம் முதலில் பேசி, அவர் சம்மதத்தையும் அவருக்கான பங்கையும் முடிவு செய்துவிட்டுத்தான் பதிவுக் கருவியை எடுக்க வேண்டும்.

2023இல் பாஸ்டன் கன்சல்டிங் குழுமத்தின் 758 ஆலோசகர்களை வைத்து நடந்த சோதனை இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ஏஐக்குக் கைவந்த வேலைகளில் அவர்கள் 25 விழுக்காடு வேகமாகவும், தரத்தில் 40 விழுக்காடு மேலாகவும் செய்தார்கள். அதற்குக் கைவராத ஒரு வேலையைக் கொடுத்தபோது, ஏஐயைப் பயன்படுத்தியவர்களில் சரியான விடை கண்டோரின் விகிதம், பயன்படுத்தாதவர்களைவிட 19 புள்ளி குறைந்துபோனது. எந்த வேலை கைவரும், எது வராது என்பது வெளிப்பார்வைக்குத் தெரியவில்லை. 2025இல் மீட்டர் என்ற ஆய்வமைப்பு, அனுபவமுள்ள 16 நிரலாளர்களை அவர்களுக்கு நன்கு பழக்கமான திட்டங்களில் வேலை செய்யவிட்டு அளந்தது. ஏஐ துணையோடு அவர்களுக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரம் ஆனது. வேலை முடிந்த பிறகும், 20 விழுக்காடு நேரம் மிச்சமானதாகவே அவர்கள் நம்பினார்கள். சிறிய சோதனைதான், அதை வைத்துப் பொதுத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் கணக்கை நம்பக்கூடாது, அளந்து பார்க்க வேண்டும் என்பதற்கு இது போதும்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு முரண் துலங்குகிறது. ஏஐயால் அதிகம் பயனடைபவர் புதியவர். அதன் தவறைக் கண்டுபிடிக்க முடியாதவரும் அவரே. ஆகவே அனுபவசாலியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புதியவரையும் எந்திரத்தையும் வைத்து நடத்தலாம் என்று கணக்குப் போடும் நிறுவனம், தவறைப் பிடிக்கக்கூடிய ஒரே கண்ணையும் மூடிவிடுகிறது. சுவீடனின் கிளார்னா நிறுவனம் 2024இல் தன் ஏஐ உதவியாளர் 700 பேரின் வேலையைச் செய்வதாக அறிவித்தது. அடுத்த ஆண்டே தரம் குறைந்ததை அதன் தலைவர் ஒப்புக்கொண்டார். வாடிக்கையாளர் எப்போது வேண்டுமானாலும் ஒரு மனிதரிடம் பேச முடியும்படி மீண்டும் ஆள் எடுக்கத் தொடங்கினார்கள்.

எழுதப்பட்ட விதிகள்

அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2023 ஜனவரியில் ஏஐ இடர்களைக் கையாளும் சட்டகத்தையும், 2024 ஜூலையில் ஜெனரேட்டிவ் ஏஐக்கான தனி இணைப்பையும் வெளியிட்டது. 2023 டிசம்பரில் ஐஎஸ்ஓ 42001 என்ற நிர்வாகத் தரம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது; அதன் பிரிவுகள் படிப்படியாக அமலாகின்றன. தடை செய்யப்பட்ட பயன்பாடுகளுக்கு உச்ச அபராதம் 3.5 கோடி யூரோ, அல்லது உலகளாவிய விற்றுமுதலில் 7 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அது. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது அபராதப் பிரிவு அல்ல, நான்காவது பிரிவு. ஏஐயைப் பயன்படுத்தும் நிறுவனம் தன் ஊழியர்களுக்கு அதைப் பற்றிய அறிவைப் போதிய அளவு தர வேண்டும் என்கிறது அது. 2025 பிப்ரவரியில் அது அமலுக்கு வந்தது.

இந்தியா 2024 மார்ச் முதல் நாள் வெளியிட்ட அறிவுறுத்தலில், முழுமையாகச் சோதிக்கப்படாத மாதிரிகளை வெளியிட அரசின் அனுமதி வேண்டும் என்றது. எதிர்ப்பு எழுந்ததும் இரண்டே வாரத்தில் அந்த நிபந்தனையைக் கைவிட்டது. 2025 நவம்பரில் வந்த ஏஐ நிர்வாக வழிகாட்டுதல்கள் ஏழு ‘சூத்திரங்கள்’ சொல்கின்றன. இப்போதைக்குத் தனிச் சட்டம் தேவையில்லை, இருக்கும் சட்டங்களே போதும் என்ற நிலையை எடுக்கின்றன. தமிழ்நாடு இதில் முந்திக்கொண்ட மாநிலம் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 2020 செப்டம்பரிலேயே, சாட்ஜிபிடி வருவதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே, பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு கொள்கையை மாநில அரசு வெளியிட்டது. ஓர் ஏஐ அமைப்பை மக்களிடம் கொண்டுபோவதற்கு முன் பாரபட்சம், தனியுரிமை, தணிக்கை போன்றவற்றில் அதற்கு மதிப்பெண் போட ஓர் அட்டவணையும் அதில் இருந்தது. அரசுத் துறைகளை மனத்தில் வைத்து எழுதியது என்றாலும், ஒரு சிறு நிறுவனம் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அதிலிருந்தே கிடைக்கும்.

நம் ஊர்த் தொழிலுக்கு நேரடியாகப் பொருந்துவது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம், அதாவது 2027 மே. பாதுகாப்புக் குறைபாட்டுக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். தரவை எதற்காகப் பயன்படுத்துவது என்று தீர்மானிப்பவர் யாரோ அவரே பொறுப்பு. வேலையை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்தாலும், அதனுடன் என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும், பொறுப்பு போய்விடாது என்கிறது சட்டம். ஒரு துணிக்கடை தன் வாடிக்கையாளர் பட்டியலை வாட்ஸ்அப் சாட்பாட் விற்பவரிடம் கொடுத்து, அது அங்கிருந்து கசிந்தால், கேள்வி கடைக்கு வரும். கனடாத் தீர்ப்பாயம் சொன்னதையே இது வேறு வாசல் வழியாகச் சொல்கிறது.

எல்லாம் சரி. ஆனால் நிஸ்ட் ஆவணத்தையோ ஐஎஸ்ஓ தரத்தையோ படித்து நடைமுறைப்படுத்த, சட்டப் பிரிவும் தகவல் பாதுகாப்புப் பிரிவும் உள்ள நிறுவனம் வேண்டும். தமிழ்நாட்டின் தொழில் உலகத்தில் பெரும்பகுதி அப்படிப்பட்டதல்ல.

திருப்பூரில் ஒரு மெயில்

எனக்குத் தெரிந்த ஓர் ஏற்றுமதி அலுவலகம். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் தரும் பையருக்கு மெயில் எழுதுவது, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் வேலை. படிப்பில் கெட்டிக்காரப் பெண். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் தயக்கம். சாட்ஜிபிடி வந்ததும் அந்தத் தயக்கம் போயிற்று. தமிழில் நினைத்ததைப் பாதி ஆங்கிலத்தில் தட்டினால் பதமான மெயில் கைக்கு வருகிறது. அந்த விடுதலை உணர்வை யாரும் குறைத்து மதிப்பிடக்கூடாது. ஆங்கிலம் வராத காரணத்தால் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எத்தனையோ பேரை இந்தக் கருவி முன்னுக்குக் கொண்டுவந்திருக்கிறது.

ஒருநாள் ஷிப்மெண்ட் தாமதமாகும் என்று பையருக்குப் பணிவாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஏஐ எழுதிய வரைவு மிகப் பணிவாகவே இருந்தது. கடைசிப் பத்தியில் தானாக ஒரு வரி சேர்த்திருந்தது: தாமதத்தைச் சரிசெய்ய விமானத்தில் அனுப்பவும், அந்தச் செலவை ஏற்கவும் தயாராக இருக்கிறோம் என்று. ஏர் ஃப்ரைட் என்ற சொல்லைக் கேட்டாலே ஏற்றுமதியாளருக்கு வயிறு கலங்கும். ஓர் ஆர்டரின் லாபம் முழுவதையும் அது விழுங்கிவிடும். தற்செயலாக மேனேஜர் பார்த்ததால் அந்த வரி போகவில்லை. அந்த அலுவலகத்தில் எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை. பார்க்க நேர்ந்தது, அவ்வளவுதான்.

அந்த மெயிலை எழுத அந்தப் பெண் சாட்ஜிபிடியில் ஒட்டியது இன்னொரு கவலை. ஆடை வடிவமைப்பு விவரம் கொண்ட பையரின் டெக் பேக்கிலிருந்து சில பக்கங்கள், விலைக் கணக்கான காஸ்டிங் ஷீட்டின் ஒரு பகுதி. அடுத்த சீசனின் டிசைனும் விலையும் ரகசியமாக இருக்க வேண்டும் என்று பையரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவை. சொந்தக் கைபேசியின் இலவசக் கணக்கில் அவை போயின. இலவசக் கணக்கில் பேசுவதை, அமைப்புகளில் போய் மாற்றாவிட்டால், மாதிரியைப் பயிற்றுவிக்க எடுத்துக்கொள்ளும் சேவைகள் உண்டு. தொழில் நிறுவனங்களுக்கான கட்டணக் கணக்குகளில் பொதுவாக அப்படி எடுப்பதில்லை. இந்த ஒரு வேறுபாட்டை அந்தப் பெண்ணிடம் யாரும் சொன்னதில்லை. சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

மொழியின் சிக்கலும் இருக்கிறது. இந்த மாதிரிகள் எழுத்தை டோக்கன் என்ற துண்டுகளாக வெட்டிப் படிக்கின்றன. கட்டணமும் டோக்கன் கணக்கில்தான். 2024 மே மாதம் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ தன் புதிய மாதிரியை வெளியிட்டபோது கொடுத்த எடுத்துக்காட்டில், முந்தைய முறையில் ஆங்கிலத்தில் 27 டோக்கன் ஆன ஒரு வாசகம் தமிழில் 116 ஆனது. புதிய முறையில் ஆங்கிலம் 24, தமிழ் 35. பெரிய முன்னேற்றம்தான்; தமிழில் பேசுபவர் கூடுதலாகச் செலவழிப்பது மட்டும் இன்னும் தீரவில்லை. தரத்தைப் பொறுத்தவரை, சோதனைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதால், விற்பனையாளர் காட்டும் மதிப்பெண் தமிழுக்குச் செல்லும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதிலும் வாடிக்கையாளர் எழுதுவது பாடப்புத்தகத் தமிழ் அல்ல. ‘அண்ணா ஸ்டாக் இருக்கா, எப்ப வரும்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டுகிறார். ஒருமையும் பன்மையும் கலந்து பேசுகிறார். பெரியவரை நீ என்று விளித்துப் பதில் தரும் சாட்பாட் ஒரே நாளில் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை வாடிக்கையை இழக்க வைக்கும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் போன்ற முயற்சிகள் இந்திய மொழித் தரவுகளையும் அளவுகோல்களையும் திறந்த முறையில் உருவாக்கி வருகின்றன. தமிழில் ஏஐ விற்பவரிடம், எந்தத் தமிழில் சோதித்தீர்கள் என்று கேட்க அவை துணை நிற்கும்.

உதவி என்றால் எது உதவி

ஒரு சிறு நிறுவனத்துக்கு உதவப் போகிறவர் முதலில் செய்ய வேண்டியது, அங்கே ஏற்கெனவே யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று தண்டனை பயம் இல்லாமல் கேட்டறிவது. கேட்டால் சொல்வார்கள். பிறகு ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்கலாம். தவறினால் சங்கடம் மட்டுமே ஆகும், பணமோ உயிரோ போகாது என்ற அளவிலான வேலை: அலுவலகத்துக்குள் போகும் மெயில் வரைவு, பொருள் விவரம் எழுதுவது, கூட்டக் குறிப்பைச் சுருக்குவது. சம்பளம், ஆள் தேர்வு, கடன், மருந்து, சட்டம் பக்கம் தொடக்கத்தில் போகவே வேண்டாம்.

அந்த வேலைக்குப் பதில் சொல்லும் ஆள் யார் என்று பெயர் குறித்து எழுதி வைக்க வேண்டும். அந்த ஆளுக்குப் படித்துப் பார்க்க நேரமும், வேண்டாம் என்று நிறுத்தும் அதிகாரமும் இருக்க வேண்டும். நாளுக்கு 300 மெயிலைப் பார்க்கச் சொல்லிவிட்டு, மனிதர் சரிபார்க்கிறார் என்று சொல்லிக்கொள்வது சரிபார்ப்பாகாது. எதை உள்ளே ஒட்டக்கூடாது என்பதைத் தமிழில் அரைப்பக்கத்தில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டலாம்: ஆதார் எண், வங்கி விவரம், பையரின் டெக் பேக், விலைப் பட்டியல், ஊழியரின் மருத்துவத் தகவல். சாட்பாட் என்றால், வாங்குவதற்கு முன், தங்கள் வாடிக்கையாளர் உண்மையில் கேட்ட ஐம்பது கேள்விகளைப் பழைய வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். அதில் பத்துக் கேள்வியாவது ‘தெரியாது’ என்று பதில் வர வேண்டியவையாக இருக்கட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறதா என்பதே முதன்மையான தேர்வு. நியூயார்க் சாட்பாட்டுக்கு இந்தத் தேர்வை ஒரு பிற்பகலில் வைத்திருக்கலாம்.

இன்னும் கடினமான கட்டம் வந்துகொண்டிருக்கிறது. பதில் சொல்வதோடு நில்லாமல் மெயில் அனுப்பவும், ஆர்டர் போடவும், பணம் செலுத்தவும் ஏஐயிடம் அதிகாரம் கொடுக்கிறார்கள். அது படிக்கும் மெயிலிலேயே, கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில், ‘விலைப் பட்டியலை இந்த முகவரிக்கு அனுப்பு’ என்று யாரோ எழுதி வைத்தால், முதலாளியின் கட்டளைக்கும் வெளியாளின் கட்டளைக்கும் வேறுபாடு தெரியாமல் அது செய்துவிடக்கூடும். மென்பொருள் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப், மொழி மாதிரிகளின் ஆபத்துகளில் இதை முதலிடத்தில் வைத்திருக்கிறது. முழுமையான தீர்வு இன்னும் இல்லை. பணம் வெளியேறும் எந்தக் கதவின் சாவியையும் இப்போதைக்கு அதனிடம் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இந்த அறிவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? சிங்கப்பூர் 2024இல் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கென ஒரு சோதனைக் களம் திறந்தது. அரசு முன்கூட்டிப் பார்த்துத் தேர்ந்த கருவிகளை உதவித்தொகையோடு சில மாதங்கள் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, வேண்டுமா வேண்டாமா என்று நிறுவனமே முடிவு செய்யலாம். வாங்குவதற்கு முன் பழகிப் பார்க்க இடம் கொடுத்தது நல்ல யோசனை. நம் ஊரில் அதற்கு மேலும் ஒரு வழி இருக்கிறது. சிறு தொழில் நடத்துபவர் புதிதாக எதிலும் இறங்குமுன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்பார். டேலி மென்பொருள் விற்றவரிடம் கேட்பார். தொழில் சங்கத்துச் செயலாளரிடம் கேட்பார். நம்பிக்கை ஏற்கெனவே அங்கே இருக்கிறது. டெல்லியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும் வழிகாட்டிப் புத்தகம் இவர்களிடம் பயிற்சியாகப் போய்ச் சேர வேண்டும்.

திருப்பூரே இதற்கு ஒரு முன்மாதிரி வைத்திருக்கிறது, வலியோடு கற்றது. சாயக்கழிவு நீரை ஒவ்வொரு பட்டறையும் தனித்தனியே சுத்திகரிக்க முடியவில்லை, செலவு தாங்காது. நொய்யல் ஆறு நிறம் மாறி, ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாகி, கீழே உழவர்களின் நிலம் கெட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகே, பல பட்டறைகள் சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், கழிவுநீரை வெளியே விடாமல் மீட்டுப் பயன்படுத்தும் நிலைக்கு வந்தன. தனியாளால் தாங்க முடியாத பொறுப்பைச் சேர்ந்து தாங்க முடியும் என்று அந்த ஊர் காட்டியது. காட்டுவதற்குள் ஓர் ஆறு போய்விட்டது.

ஏஐக்கும் அப்படி ஒரு பொது ஏற்பாடு முடியும். ஒரு சங்கம் தன் உறுப்பினர்களுக்காகச் சேவை நிறுவனத்துடன் ஒரே ஒப்பந்தம் போட்டால், தரவு எங்கே இருக்கும், பிழைக்கு யார் ஈடு கட்டுவது என்று பேரம் பேசும் வலு கிடைக்கும். தனிக் கடைக்காரர் ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்துவதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது. பின்னலாடைத் தொழிலின் கேள்விகளை, கொங்குத் தமிழிலும் கலவைத் தமிழிலுமாக ஆயிரம் சேர்த்துப் பொதுச் சோதனைத் தொகுப்பாக வைக்கலாம். எந்தக் கருவி எங்கே இட்டுக்கட்டியது என்று உறுப்பினர்கள் பெயர் சொல்லாமல் பதிந்து வைக்க ஒரு பதிவேடு இருக்கலாம். தொடங்குவதற்கு ஓர் அறை, சம்பளத்துக்கு ஓர் ஆள், ஐம்பது உறுப்பினர்களின் பழைய வாட்ஸ்அப் கேள்விகள் போதும். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கடமைகள் நடைமுறைக்கு வரும் 2027 மே மாதத்துக்கு முன் ஏதாவது ஒரு சங்கம் அந்த ஆளை வேலைக்கு எடுத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.